தரிசு நில மானியமும் விவசாயியின் சொந்த விவரங்களும்

வாசகர் கேள்வி – பதில்

தரிசாகக் கிடக்கும் நிலத்தைத் திருத்திச் சாகுபடிக்குக் கொண்டுவர அரசு தரும் மானியங்களுக்கு விண்ணப்பித்த வாசகர்கள் சிலர், தாங்கள் கொடுத்த ஆவணங்கள் யார் கையில் இருக்கின்றன, எதற்குப் பயன்படுகின்றன என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களின் கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டத்தில் எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பல ஆண்டுகளாகச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த அந்த நிலத்தைத் திருத்த மானியம் கேட்டு விண்ணப்பித்தேன். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று, புகைப்படம் எனக் கேட்டதையெல்லாம் வேளாண்மை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். இப்போது முள் அகற்ற வந்த ஒப்பந்ததாரரும் இதே நகல்களில் இன்னொரு செட் வேண்டும் என்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அலுவலகம் கேட்ட ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு காரணம் உண்டு. நிலம் யார் பெயரில் இருக்கிறது, நன்செயா புன்செயா என்பதைச் சிட்டா காட்டுகிறது. அந்தப் புல எண்ணில் பசலிவாரியாக, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டுவாரியாக, பயிர் இருந்ததா, தரிசாகக் கிடந்ததா என்பதை அடங்கல் காட்டுகிறது. மானிய விகிதத்தை முடிவு செய்யச் சிறு குறு விவசாயி சான்று தேவைப்படுகிறது. ஒப்பந்ததாரருக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பில் வேலை செய்ய வேண்டும் என்ற பணி ஆணையும், உங்களைத் தொடர்புகொள்ள ஒரு கைபேசி எண்ணும் இருந்தால் அவர் வேலையை முடித்துவிடலாம். செய்த வேலைக்கான பில் தொகை பெற நகல் வேண்டும் என்று அவர் சொன்னால், அதை அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள். இது மரியாதைக் குறைவான கோரிக்கை ஆகாது.

ஆதாரைப் பொறுத்தவரை அலுவலகத்துக்குச் சட்ட அடிப்படை இருக்கிறது. ஆதார் சட்டம், 2016-இன் 7-ஆவது பிரிவு, அரசின் தொகுப்பு நிதியிலிருந்து வழங்கப்படும் மானியத்துக்கு ஆதாரை நிபந்தனையாக்க அனுமதிக்கிறது. 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் இந்தப் பிரிவைச் செல்லும் என்று ஏற்றது. ஆனால் அதே பிரிவில், ஆதார் எண் இதுவரை வழங்கப்படாதவருக்கு மாற்று அடையாள வழியைத் தர வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆதார் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மூதாட்டியின் விண்ணப்பத்தை வாங்காமல் திருப்பி அனுப்பக்கூடாது என்பதை அலுவலர்களும் நினைவில் கொள்ள வேண்டும்.

மானியத்தைக் கணக்கில் வரவு வைப்பதற்காக எண்ணைக் கணினியில் ஒருமுறை பதிவு செய்வது ஒரு விஷயம். அட்டையின் ஜெராக்ஸ் நகல் கோப்பு கோப்பாகப் பெருகுவது வேறு விஷயம். முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்டுக் கடைசி 4 மட்டும் தெரியும் ஆதார் நகலை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து இலவசமாகப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். கோப்பில் வைப்பதற்கு அதையே கொடுங்கள். எந்த நகலானாலும், எழுத்துகளின் குறுக்கே திட்டத்தின் பெயரையும் தேதியையும், ‘இந்த விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்ற வரியையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த நகலை வேறொருவர் சிம் கார்டு வாங்கவோ கடன் விண்ணப்பம் போடவோ பயன்படுத்துவது அதனால் கடினமாகும்.

கிரயப் பத்திரத்தின் நகலைக் கொடுக்க நேர்ந்தால் இன்னும் கவனம் தேவை. பத்திரத்தில் பெருவிரல் ரேகை இருக்கிறது. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை எடுத்துப் போலி வார்ப்பு செய்து மோசடி செய்தவர்கள் மீது ஐதராபாத்திலும் பெங்களூரிலும் காவல் துறை வழக்குகள் பதிவு செய்திருக்கிறது. ஆதார் எண்ணும் வங்கியின் பெயரும் ரேகையும் ஒரே கோப்பில் இருந்தால், கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் வசதியின் வழியாகக் கணக்கைக் காலி செய்யத் தேவையான எல்லாமே அங்கே இருக்கின்றன. எனவே நகலில் ரேகை இருக்கும் இடத்தை மறைத்துக் கொடுங்கள்; ஆதார் செயலியில் கைரேகைப் பூட்டையும் போட்டு வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் அதைத் தற்காலிகமாகத் திறந்துகொள்ள முடியும்.

கேள்வி: எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் பயனாளிகள் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். என் பெயர், தந்தை பெயர், புல எண், மானியத் தொகை எல்லாம் அதில் இருக்கின்றன. பட்டியலைப் பார்த்துவிட்டுக் கடன் கொடுத்தவர் வீட்டுக்கு வந்து நிற்கிறார். தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க இப்போது சட்டம் வந்துவிட்டது என்கிறார்களே, இதை நிறுத்த முடியாதா?

பதில்: உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனாலும் அந்தப் பட்டியல் சுவரில் இருக்கத்தான் வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4(1)(பி) பிரிவில் பன்னிரண்டாவது கூறு, மானியத் திட்டங்கள் நிறைவேற்றப்படும் விதம், ஒதுக்கப்பட்ட தொகை, பயனாளிகளின் விவரம் ஆகியவற்றை யாரும் கேட்காமலே ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் வெளியிட வேண்டும் என்கிறது. உழாத நிலத்தை உழுததாகவும், வெட்டாத பண்ணைக் குட்டையை வெட்டியதாகவும் கணக்கு எழுதப்பட்டால், அதை முதலில் கண்டுபிடிப்பது தணிக்கையாளர் அல்லர், பக்கத்து வயல்காரர்தான். பட்டியலில் பெயரும் புல எண்ணும் இல்லாவிட்டால் அவரால் எதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. உங்கள் பெயரில் வேறு யாரேனும் மானியம் வாங்கியிருந்தால் அதுவும் உங்களுக்குத் தெரியவராது.

நீங்கள் குறிப்பிடும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-ஐ வைத்து இந்தப் பட்டியலை அகற்ற இயலாது. வேறொரு சட்டத்தின் கட்டாயத்தால் பொதுவெளியில் வைக்கப்பட்ட தனிநபர் விவரங்களுக்குத் தான் பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் 3-ஆவது பிரிவே விலக்கு அளிக்கிறது. கணினியில் ஏற்றப்படாத காகித ஆவணங்களும் அதன் வரம்புக்கு வெளியே இருக்கின்றன. காகிதத்தில் வாங்கிய விவரம் கணினியில் ஏற்றப்பட்ட பிறகுதான் அது உள்ளே வருகிறது.

ஆனால் பட்டியலில் எது இருக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. பெயர், ஊர், புல எண், வேலையின் தன்மை, தொகை ஆகியவை திட்டத்தைக் கண்காணிக்கப் போதுமானவை. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவற்றால் எந்த வயல்காரரும் எந்த முறைகேட்டையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதை ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவு தடை செய்கிறது. ஆனாலும் 2017-இல் மத்திய, மாநில அரசுத் துறைகளின் ஏறத்தாழ 210 இணையதளங்கள் பயனாளிகளின் பெயர், முகவரியுடன் ஆதார் எண்ணையும் காட்டிக்கொண்டிருந்ததாக ஆதார் ஆணையமே தகவல் அறியும் உரிமை மனு ஒன்றுக்குப் பதிலளித்தது. அந்த நிலை பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. அலுவலகக் கணினியில் இருக்கும் முழு விரிதாளை, எந்த நெடுவரிசையையும் நீக்காமல் அப்படியே அச்செடுத்து ஒட்டிவிடுகிறார்கள். உங்கள் ஊர்ப் பட்டியலில் அப்படி எண்கள் இருந்தால், அன்றைக்கே அந்தத் தாளைப் படம் பிடித்து, வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் ஊராட்சிச் செயலருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். அந்த நெடுவரிசைகளை நீக்கிவிட்டுப் புதிய பட்டியலை ஒட்டும்படி கேளுங்கள். பட்டியலையே கிழிக்கச் சொல்ல வேண்டாம்.

இங்கே எங்களுக்கு ஒரு கவலை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலையும், ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலையும் மட்டும்தான் முன்பு மறுக்க அனுமதித்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44(3) பிரிவு அதைத் திருத்திவிட்டது. 2025 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தத்தின்படி, ‘தனிநபர் தொடர்பான தகவல்’ என்றாலே மறுக்க வழி இருக்கிறது. மானியம் பெற்றவர் யார் என்று கேட்டால் இதைக் காட்டித் தட்டிக் கழிக்கும் அலுவலகங்கள் இனிமேல் வரலாம். அப்படி மறுக்கப்பட்டால் மூன்று விஷயங்களை மேல்முறையீட்டில் எழுதுங்கள்: பயனாளி விவரத்தைத் தாமாக வெளியிட வேண்டும் என்ற 4-ஆவது பிரிவு மாற்றப்படவில்லை, பொதுநலன் மேலோங்கும்போது தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவும் அப்படியே இருக்கிறது, மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் நீக்கி மீதியைத் தர 10-ஆவது பிரிவு வழி செய்கிறது. விவசாயியின் வங்கிக் கணக்கு எண்ணைக் காப்பாற்றப் பிறந்த சட்டம், போலிப் பயனாளியின் பெயரைக் காப்பாற்றப் பயன்பட்டுவிடக் கூடாது.

கடன்காரர் வந்து நிற்பதற்கு, இந்தப் பட்டியலில் தீர்வு இல்லை. மானியத்தின் பெரும்பகுதி நிலத்தில் நடந்த வேலைக்கே செலவாகிறது என்பதை அவருக்குச் சொல்லலாம்.

கேள்வி: வேலைக்கு முன்பும் பின்பும் எங்களை நிலத்தில் நிற்க வைத்துக் கைபேசியில் படம் எடுக்கிறார்கள். படத்தின் அடியில் இடமும் நேரமும் பதிவாகிறது. இந்தப் படங்கள் எங்கே போகின்றன? வீட்டுப் பெண்களும் படத்தில் வந்துவிடுகிறார்கள்.

பதில்: ஒரே குட்டையைக் காட்டி இரண்டு பேர் பெயரில் தொகை எடுப்பதைத் தடுப்பதற்காக வந்த ஏற்பாடு இது. நீர்வடிப்பகுதி மேம்பாட்டுப் பணிகளில், களப் பணியாளர்கள் ‘திருஷ்டி’ என்ற கைபேசிச் செயலியின் வழியாக அட்சரேகை, தீர்க்கரேகையுடன் படங்களை ஏற்றுகிறார்கள். அவை ஐதராபாத்தில் உள்ள தேசிய தொலையுணர்வு மையத்தின் ‘புவன்’ தளத்தில் வரைபடத்தோடு சேர்ந்துவிடுகின்றன. நிலத்தின் இருப்பிடத்தை மறைத்து வைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. புல வரைபடமும் பட்டா விவரமும் ஏற்கெனவே தமிழக அரசின் இணையதளத்தில் பார்க்கக் கிடைப்பவைதான்.

முகம் வேறு. வேலை நடந்ததற்குக் குட்டையும் வரப்பும் நிலத்தின் ஒரு நிலையான அடையாளமும் சாட்சி. பயனாளியின் முகம் வேண்டும் என்று திட்ட விதி கேட்டால், பயனாளி ஒருவர் மட்டும் நின்றால் போதும். வேடிக்கை பார்க்கும் குழந்தையோ களை எடுக்க வந்த பெண்களோ அந்தப் படத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. படம் எடுப்பதற்கு முன்பே ‘அவர்கள் விலகி நிற்கட்டும்’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. செயலியில் ஏற்றப்படும் படத்தைவிட, அதே கைபேசியிலிருந்து வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகும் படம்தான் அதிகம் அலைகிறது. அலுவலகக் குழுவில் போட்ட படம் எத்தனை பேரின் கைபேசியில் தங்குகிறது என்பதை யாராலும் கணக்கிட முடியாது. முன்னேற்ற அறிக்கைக்கு நிலத்தின் படம் மட்டும் போதும் என்று மாவட்ட அளவில் ஒரு சுற்றறிக்கை போட்டாலே இதில் பாதி சரியாகிவிடும்.

கேள்வி: எங்கள் பூர்வீக நிலம் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. நான் திருமணமாகி வேறு மாவட்டத்தில் வசிக்கிறேன். என்னிடம் கேட்காமலே, வாரிசுச் சான்று வாங்குவதற்காக முன்பு கொடுத்த என் ஆதார் நகலை வைத்து என் தம்பி தரிசு நில மானியத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். இது சரியா?

பதில்: சரியில்லை, அம்மா. தம்பி கெட்ட நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. நிலத்தில் நிற்பவர் அவர். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்குதாரர்களின் சம்மதக் கடிதத்தை அலுவலகம் கேட்பதும் உண்டு. ஆனால் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர் நீங்கள். வாரிசுச் சான்றுக்காகக் கொடுத்த நகல் அந்தச் சான்றோடு முடிந்திருக்க வேண்டும்.

இதனால் உங்களுக்கு நேரடியாக ஒரு பாதிப்பும் வரக்கூடும். உங்கள் எண் பயனாளியாகப் பதிவாகியிருந்தால், நாளை உங்கள் பங்கு நிலத்துக்கு நீங்களே விண்ணப்பிக்கும்போது ‘ஏற்கெனவே பயன் பெற்றவர்’ என்று கணினி காட்டலாம். எனவே நிலம் இருக்கும் வட்டாரத்தின் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி, உங்கள் பெயரும் எண்ணும் விண்ணப்பதாரராகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா, சம்மதம் தருபவராகவா என்று கேளுங்கள். உங்கள் ஆதாரைக் கொண்டு அண்மையில் எங்கெல்லாம் சரிபார்ப்பு நடந்தது என்ற பட்டியலை ஆதார் ஆணையத்தின் தளத்தில் நீங்களே பார்க்கலாம். அதன் பிறகு தம்பியிடம் பேசுங்கள். நிலம் திருந்துவது உங்கள் பங்குக்கும் நல்லதுதான் என்பதால், சம்மதத்தை முறையாக எழுதிக் கொடுத்துவிடுவதே பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

கேள்வி: கொடுத்த கணக்குப் புத்தகம் ஒரு வங்கியினுடையது, பணம் ஏறியது இன்னொரு வங்கியில். அலுவலகத் தவறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆதார் வழியாகச் செலுத்தப்படும் மானியம், கணக்குப் புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்ப்பதில்லை; உங்கள் ஆதாரோடு நேரடி மானியத்துக்காகக் கடைசியாக இணைக்கப்பட்ட வங்கி எது என்பதையே பார்க்கிறது. எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதையும் ஆதார் ஆணையத்தின் தளத்தில் அறியலாம். மாற்ற வேண்டுமானால் நீங்கள் விரும்பும் வங்கியில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. மானியமே கிடைக்காதபோது, என் விவரங்களை அவர்கள் ஏன் வைத்திருக்க வேண்டும்? அழித்துவிடச் சொல்ல முடியுமா? இப்போது வேறு திட்டங்களைப் பற்றியெல்லாம் குறுஞ்செய்தி வருகிறது.

பதில்: நியாயமான கேள்வி. சட்டத்தின் பதில்தான் உங்களுக்குத் திருப்தி தராது. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளும் உரிமைகளும் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, 2027-இல்தான் நடைமுறைக்கு வரவிருக்கின்றன.

அப்போதும்கூட, விவரங்களைக் கேட்டுப் பெறவும் அழிக்கச் சொல்லவும் உள்ள உரிமைகள் ஒப்புதலின் பேரில் கொடுத்த விவரங்களைச் சார்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன. மானியத்துக்காக அரசு விவரங்களைக் கையாள்வதை 7(பி) பிரிவு தனி வகையாக வைக்கிறது. ஒரு மானியத்துக்கு முன்பு ஒப்புதல் கொடுத்தவரின் விவரத்தை அரசு வேறொரு மானியத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளுக்கு நாளை இதையே காரணமாகக் காட்டுவார்கள். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்ற கடமையிலிருந்தும் 17(4) பிரிவு அரசை விடுவிக்கிறது. தனியார் கடைக்காரரைக் கட்டுப்படுத்தும் விதி, நாட்டிலேயே மிக அதிகமான விவரங்களை வைத்திருக்கும் அரசைக் கட்டுப்படுத்தவில்லை என்பது இந்தச் சட்டத்தின் பெரிய குறை என்றே நாங்கள் கருதுகிறோம்.

இருந்தாலும் கை விரித்துவிட வேண்டியதில்லை. விதிகளின் இரண்டாம் அட்டவணை மானியங்களுக்காக அரசு விவரங்களைக் கையாளும்போது பின்பற்ற வேண்டிய தரங்களைத் தனியாகச் சொல்கிறது: தேவையான விவரத்தை மட்டும் பயன்படுத்த வேண்டும், தேவை இருக்கும் வரை மட்டும் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்பாக வைக்க வேண்டும், கேள்வி கேட்க ஒரு தொடர்பு வழியைத் தர வேண்டும். நிராகரிக்கப்பட்ட கோப்பைச் சில காலம் வைத்திருப்பதற்குத் தணிக்கை ஒரு நியாயமான காரணம். தகுதியுள்ளவரை ஒதுக்கிவிட்டு வேண்டியவருக்குக் கொடுத்தார்களா என்பதைப் பார்க்க அந்தக் கோப்புதான் ஆதாரம். அந்தக் கோப்பிலிருந்து உங்கள் கைபேசி எண்ணைப் பிற திட்டங்களின் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வதற்குத் தணிக்கை காரணமாகாது என்று எழுதிக் கேளுங்கள்.

உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்பதை அறிய இன்றைக்கே ஒரு வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, உங்கள் விண்ணப்பக் கோப்பை நேரில் பார்வையிடவும், அலுவலர் எழுதிய குறிப்புகள் உட்படச் சான்றிட்ட நகல் பெறவும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பல நேரங்களில் நிராகரிப்பின் காரணமே அங்கேதான் தெரியவரும்: பட்டாவில் ‘முத்துக்கருப்பன்’ என்றும் ஆதாரில் ‘கருப்பன்’ என்றும் இருந்தால், ஒப்பிடும் கணினி இரண்டையும் இரண்டு ஆள்களாகக் கருதிவிடும். அப்படியானால், ஆதாரில் தவறென்றால் ஆதார் சேவை மையத்திலும், பட்டாவில் தவறென்றால் வட்டாட்சியர் அலுவலகத்திலும் திருத்திவிட்டு மீண்டும் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: மானியப் பட்டியலில் என் பெயர் வந்த சில நாள்களில் ஒருவர் கைபேசியில் அழைத்து, என் புல எண்ணையும் தொகையையும் சரியாகச் சொல்லி, பணம் ஏற ஓடிபி எண் வேண்டும் என்றார். நான் சொல்லவில்லை. யாரிடம் புகார் செய்வது?

பதில்: சொல்லாமல் விட்டது மிகவும் நல்லது. இ-சேவை மையத்திலோ பதிவு முகாமிலோ நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது பதிவுக்காக ஓடிபி கேட்பது உண்டு; பணத்தை வரவு வைப்பதற்காக எந்த அலுவலகமும் தொலைபேசியில் அதைக் கேட்பதில்லை. யாரேனும் சொல்லிவிட்டிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துப் பதிவு செய்து, வங்கியிலும் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு புகாரும் தேவை. புல எண்ணும் தொகையும் ஒட்டப்பட்ட பட்டியலிலிருந்து கிடைத்திருக்கலாம். உங்கள் கைபேசி எண் அந்தப் பட்டியலில் இல்லை என்றால், அது அலுவலகக் கோப்பிலிருந்தோ ஒப்பந்ததாரரிடமிருந்தோ நகல் எடுத்த கடையிலிருந்தோ போயிருக்க வேண்டும். அழைப்பு வந்த எண், தேதி, நேரம், அவர் சொன்ன விவரங்கள் ஆகியவற்றை எழுதி, மாவட்ட வேளாண்மை இணை இயக்குநருக்கு அனுப்புங்கள். அதே ஊரில் மற்ற பயனாளிகளுக்கும் அழைப்பு வந்ததா என்று விசாரித்து, அவர்களின் கையெழுத்தையும் சேர்த்து அனுப்பினால், ஒருவருக்கு வந்த தொந்தரவாக அதை ஒதுக்கிவிட முடியாது. பட்டியல் எந்தக் கையிலிருந்து வெளியேறியது என்று அலுவலகம் விசாரித்தே ஆக வேண்டியிருக்கும்.